காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைக்காதீர்கள்

"பெற்றோருக்கு அக்கறையே இல்லை, கூட்டத்துக்கு வருவதில்லை." இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளி ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. கூட்டம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தால் காலை பத்து என்பார்கள். அந்த நேரம் தாய் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார். பாதியில் இறங்கினால் அன்றைக்கு அரைப்பேர்தான். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் கட்டணப் பாக்கியைப் பற்றிய பேச்சையே கேட்டுவிட்டுப் போனால், அடுத்த முறை எதற்கு வருவார்?

கூட்டத்தைப் பிரித்து வையுங்கள். முப்பது குடும்பத்தை ஒரே நாளில் கூட்டுவதைவிட, லயம் லயமாக (ஒரு வரிசை வீடுகள் ஒரு லயம்) எட்டுப் பத்துக் குடும்பங்களை மாலை ஐந்தரைக்கு மேல் 20 நிமிடம் சந்திப்பது பலன் தரும். ஒரு சந்திப்புக்கு ஒரு விஷயம் போதும். ஞாயிறு லீவுதானே என்று நினைக்க வேண்டாம். விறகு, துவைப்பு, டவுன் எல்லாம் அன்றைக்குத்தான். அடைமழை மாதங்களில் மாலையும் சரிவராது. பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பிள்ளைகளின் நிறை பார்க்கும் நாளில் பேச, குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு சேர்க்கும் நாளிலேயே நடந்துவிடுகிறது. படிவத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், ஒரு போன் நம்பர். அந்தப் போன் கொழும்பில் கடையில் நிற்கும் தகப்பனிடம் இருக்கும். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மாயியிடம் என்பது மலையகத்தில் அபூர்வமா என்ன? எனவே இன்னும் நான்கைக் கேட்டு எழுதுங்கள்: யார் கொண்டுவந்து விடுவார், யார் கூட்டிப்போவார், இரவில் பிள்ளை யாரோடு தூங்கும், யாருடைய போன் எத்தனை மணிக்குக் கையில் இருக்கும்.

இது தெரியாமல் பையில் துண்டுக் கடிதம் வைத்தால், எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத பாட்டியின் கையில் அது மடித்தபடியே கிடக்கும். குரல் செய்தி அனுப்புங்கள். 30 விநாடிக்குள் நாள், நேரம், கொண்டுவர வேண்டியது ஆகிய மூன்றும் வரட்டும். கடைசியில் எந்த நாள் என்பதை மறுபடி சொல்லுங்கள். பிள்ளையின் குறையை வட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. "அம்மாவுக்கு வாழ்த்து அட்டை" செய்யச் சொல்லும்போதும், "வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் முழித்துக்கொண்டு நிற்காது.

வாசலில் நடப்பதுதான் உறவை அதிகம் கெடுப்பது. பன்னிரண்டு மணிக்குக் கூட்டிப்போக வந்த பாட்டியிடம், நாலு பேர் முன்னால், "ஒங்க புள்ள இன்னைக்கும் அடிச்சிட்டான்" என்கிறார் டீச்சர். பாட்டி பதில் பேசமாட்டார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பையனுக்கு முதுகில் விழும். மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் அவனைக் கூட்டிப்போக வரும். சேர்ந்த முதல் மூன்று வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தியாவது போய்ச் சேர வேண்டும். "நல்ல புள்ள" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "இன்னைக்குத் தானே செருப்பு மாட்டினான்" என்றால் விளங்கும். பிறகு சிக்கல் வரும்போது தனியாகக் கூப்பிட்டு, எப்போது அடித்தான், அதற்கு முன்னால் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "வீட்ல இப்படி நடந்தா நீங்க என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுத்திருங்கள். அந்தப் பதிலில்தான் நமக்குத் தெரியாதது இருக்கும்.

"எழுதக் குடுக்க மாட்டீங்களா, டீச்சர்?" என்ற கேள்வி எல்லா இடத்திலும் வரும். பயந்து அ, ஆவைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதும் தவறு, "உங்களுக்குத் தெரியாது" என்று வாயடைப்பதும் தவறு. ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்த பிள்ளையைத்தான் தரம் 1க்கு எடுக்கிறார்கள். எழுத்தை அங்கே அடியிலிருந்தே கற்பிக்கிறார்கள். அதற்கு முன் விரலுக்குப் பலம் வர வேண்டும். போஞ்சி கிள்ளுவது, ரொட்டி மா பிசைவது, சட்டைப் பொத்தான் பூட்டுவது எல்லாம் அந்த வேலையைச் செய்பவை. விளக்கத்தைவிடக் காட்டுவது நல்லது. பிள்ளை சேர்ந்தபோது கீறிய படத்தையும் மூன்று மாதம் கழித்துக் கீறியதையும், திகதி எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கோடு எங்கே உறுதியானது என்று தாயே விரல் வைத்துக் காட்டுவார்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாக்கி வைத்தவர் பெயரைப் பலகையில் எழுதாதீர்கள். சம்பள நாளுக்குப் பிறகு தனியாகக் கேளுங்கள். கலைவிழாவுக்கு வாடகை உடை என்று அறிவிக்கும் முன், வீட்டில் இருக்கும் சேலை, வேட்டியில் எந்த ஆட்டத்தை ஆட வைக்கலாம் என்று இரண்டு தாய்மாரிடம் யோசனை கேளுங்கள். உடை வாங்க முடியாத பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லியனுப்புவார்கள்.