கழுகு அலகை உடைத்துக்கொள்வதில்லை: இயற்கையில் தேவனைத் தேடும்போது வரும் தவறுகள்

கழுகு நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் அடித்து உடைத்து, இறகுகளைத் தானே பிடுங்கிப்போட்டு, புதுப் பலத்தோடு இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள், வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். நானும் நாலு பேருக்கு அனுப்பியவன்தான். அது கட்டுக்கதை. அலகு உடைந்த கழுகு இரையைக் கிழிக்க முடியாமல் பட்டினியில் செத்துப்போகும். இறகுகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உதிர்ந்து முளைக்கும்.

உயிரைப் பார்ப்பதற்கு முன்பே அதற்கான பாடத்தை எழுதிவிடுகிறோம். விசுவாசிகளிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். நிஜக் கழுகு காலையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறி, தரை சூடாகி, வெப்பக்காற்று மேலே கிளம்பியதும் சிறகை விரித்து அதில் ஏறிக்கொள்ளும். அப்புறம் சிறகடிப்பே அபூர்வம். ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ’ என்று தொடங்கி, அவர்கள் கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்று சொல்லும் ஏசாயா 40:31-ஐ இப்போது படித்துப் பாருங்கள். இயேசுவும் காட்டுப்புஷ்பங்களைக் காட்டி ‘கவனித்துப்பாருங்கள்’ என்றுதான் சொன்னார்.

அடுத்தது, ஆதியாகமம் 1:28-இன் ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது. அடுத்த அதிகாரத்திலேயே, தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ மனிதனை வைத்தார் என்று வருகிறது (2:15). அந்தக் ‘காக்க’ என்பதற்கு எபிரெயத்தில் ஷாமர் என்ற வினை. எண்ணாகமம் 6:24-இல் ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்’ என்பதிலும் அதே வினைதான். ஆராதனை முடிவில் தலைகுனிந்து நாம் வாங்கிக்கொள்ளும் அதே சொல்.

புயலோ பூகம்பமோ வந்தால் ‘இன்னாருடைய பாவம்’ என்று விரல் நீட்டுவதும் உண்டு. இயேசுவின் காலத்தில் எருசலேமின் சீலோவாமில் விழுந்தது கோபுரம்தான், ஆனாலும் கேள்வி ஒன்றே. செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்றார் இயேசு (லூக்கா 13).

சிருஷ்டியையே தெய்வமாக்குவது தவறு, சரி. ஆனால் அந்தப் பயத்தில் மரத்தடியில் பத்து நிமிஷம் உட்காரக்கூட கூசுகிறவர்களைப் பார்த்தால், அவர்கள் வேதாகமத்தில் சிருஷ்டியைப் பார்த்துத் தேவனைத் துதிக்கும் 104-ஆம் சங்கீதம் இருக்கிறதா என்று சந்தேகம் வருகிறது.

எல்லாமே நமக்காகத்தான் என்ற நினைப்பை என்ன செய்வது? தன் துன்பத்துக்குக் காரணம் கேட்ட யோபுவுக்குத் தேவனிடமிருந்து கிடைத்த பதிலில், மனுஷர் குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்கிறது. பார்க்க ஆளில்லை, அறுக்க வயலில்லை. அப்புறம் முட்டையை மண்ணில் விட்டுப்போகும் தீக்குருவி (நெருப்புக்கோழி) வருகிறது. அது எழும்பி ஓடும்போது குதிரையையும், அதன்மேல் ஏறியிருக்கிற மனிதனையும் பார்த்துச் சிரிக்கிறது.