சிஆர்பி 82ஆ? முதலில் அலகைப் பாருங்கள்

காரைக்குடியில் இரவு ஒன்பது மணி என்றால் சிங்கப்பூரில் பதினொன்றரை. பெரியப்பாவுக்கு ஃப்ளூ முற்றி நிமோனியா ஆனபோது அந்த நேரத்தில்தான் அண்ணனிடமிருந்து போன். "சிஆர்பி 9.6 இருந்தது இப்ப 82 ஆயிருச்சாம்ல. அப்பா தேறிருவாகளா?"

உடம்பில் அழற்சி (தொற்றோ காயமோ வந்தால் உடம்பு காட்டும் எதிர்வினை) எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனைதான் சிஆர்பி. இரண்டு ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். 9.6 ஊர் லேபில் எடுத்தது; டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருந்தது. 82 மதுரையில் சேர்த்த பிறகு எடுத்தது; அது லிட்டருக்கு. பத்து டெசிலிட்டர் ஒரு லிட்டர் என்பதால் முதல் எண் உண்மையில் 96. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. வட்டிக் கணக்கைப் பைசா சுத்தமாகப் போடுகிற வீடு. இதில் மட்டும் கோட்டை விட்டுவிட்டோம்.

ரத்தக்கட்டி கரைவதைக் காட்டும் டி-டைமர் பரிசோதனையில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். ஒரு லேப் மைக்ரோகிராமில் 0.8 என்று போடும், இன்னொன்று அதையே நானோகிராமில் 800 என்று போடும். அது போதாதென்று எஃப்இயு, டிடியு என்று இரண்டு விதமான அலகுக் கணக்கு வேறு. அதே ரத்தத்துக்கு முன்னது பின்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். முடியாவிட்டால் எண்ணை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பாமல் ரிப்போர்ட்டையே படம் எடுத்து அனுப்புங்கள்.

அப்புறம், ஒற்றை எண்ணை வைத்து ஜாதகம் பார்ப்பது. சிஆர்பி கல்லீரல் சுரக்கிற புரதம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். வைரஸ் மட்டும்தானா, பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டதா என்று அது தனியாகச் சொல்லாது. உச்சத்துக்குப் போக இரண்டு நாள் ஆகும் என்பதால், முதல் நாள் குறைவாக இருந்ததை நம்பிவிடவும் முடியாது. டி-டைமர் வயதானாலே கூடும். இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் கல்லீரல் கோளாறிலும் ஏறும். செல்கள் சேதமானால் ரத்தத்தில் கசியும் எல்டிஹெச் என்ற நொதி, ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலே பொய்யாக ஏறிவிடும்.

மருந்தும் எண்ணை மாற்றும்; இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டீராய்டு கொடுத்தால் வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் குறையும். அந்த விகிதத்தை மட்டும் பார்த்தால் நோய் முற்றியதாகத் தோன்றும். அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் மருந்து போட்டால் நேர்மாறு. அழற்சிச் செய்தியைக் கொண்டுபோகும் ஐஎல்-6 என்ற புரதம் தூண்டினால்தான் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கும். அந்தத் தூண்டுதலையே மருந்து தடுப்பதால், உள்ளே கிருமி பெருகினாலும் சிஆர்பி தாழ்ந்தே இருக்கலாம்.

சிஆர்பி கூடியிருக்கிறதே என்று வீட்டிலேயே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைப் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. 2020இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்குத்தான் அது உயிர் காத்தது. தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. சர்க்கரை எகிறுவதுதான் மிச்சம்.

கொரோனாவில் உயிராபத்தைக் கணிக்க அங்கே உருவாக்கிய ஃபோர்-சி மதிப்பெண்ணில் எட்டு விஷயங்கள் உண்டு. வயது, பாலினம், கூடவே இருக்கும் நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவுத் தெளிவு. ரத்தத்திலிருந்து யூரியாவும் சிஆர்பியும் மட்டுமே. மற்ற ஆறுக்கும் ஊசியே வேண்டாம்.

அன்று இரவு அண்ணனிடம், பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, பெரியப்பா பேசும்போது மூச்சு வாங்குகிறாகளா என்று கேட்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "மூச்சு வாங்கலையாம். கஞ்சியில உப்பு இல்லைன்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்காகளாம்."