தக்காளியில் இலைச்சுருட்டு வைரஸ்: முதல் 40 நாளில் செய்ய வேண்டியவை

நட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போல மேல்நோக்கிக் குழியும். கணுவிடை குறுகிச் செடி புதராகக் குட்டையாக நின்றுவிடும். பூ வைத்தாலும் கொட்டும். "வைரஸ் அடிச்சிருச்சு, செடி முடங்கிருச்சு" என்று வயலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பரப்புவது வெள்ளை ஈ. நோய்ச் செடியில் கால் மணி, அரை மணி நேரம் சாறு உறிஞ்சினாலே வைரஸ் அதற்குள் போய்விடும். அதன்பின் சில மணி நேரத்தில் தொடங்கி, உட்காரும் செடிக்கெல்லாம் பல நாள் தொற்ற வைக்கும். அறிகுறி தெரிய 2, 3 வாரம் ஆகும். ஆகவே நட்ட 20-ஆம் நாள் சுருட்டல் தெரிந்தால், தொற்று நாற்றங்காலிலோ நட்ட முதல் வாரத்திலோ நடந்தது. வந்த செடியைக் குணமாக்கும் மருந்து கிடையாது. கடையில் 'வைரஸ் மருந்து' என்று எதை நீட்டினாலும் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வைரஸ்தானா என்று பாருங்கள்

அடியிலைகள் மட்டும் தடித்து, பச்சை மாறாமல் உருண்டிருந்தால் அது வெயில், தண்ணீர்க் கோளாறு; காய்ப்பு பாதிக்காது. இலை கீழ்நோக்கி வளைந்து, அடிப்புறம் பழுப்பாக மினுங்கினால் சிலந்திப் பேன். இலை நூல் நூலாக நீண்டு தண்டு முறுக்கியிருந்தால், பக்கத்து வயலில் டூ-ஃபோர்-டி களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். நுனியிலைகள் சுருங்கி, மஞ்சளோடிக் குட்டையானால்தான் நம்முடைய ஆள்.

படி 2: ரகமும் நாற்றும்

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் போல, இலைச்சுருட்டுக்கு எதிர்ப்புள்ள வீரிய ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். கோடை நடவுக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம்; காய்ந்த வெயிலில்தான் வெள்ளை ஈ பெருகும். எதிர்ப்பு ரகம் என்பதற்காக மற்ற வேலைகளை விட்டுவிட வேண்டாம். ஈ மிக அதிகமானால் அந்த ரகத்துக்கும் நோய் ஓரளவு வரும்.

98 குழியுள்ள நாற்றுத் தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, விதைத்த அன்றே 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) பூச்சி வலைக்குள் வையுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பச்சை நிழல்வலை பூச்சி வலை ஆகாது. அதன் கண்ணில் வெள்ளை ஈ தாராளமாக நுழையும். வலையின் அடி ஓரத்தை மண்ணில் புதையுங்கள். தண்ணீர் ஊற்றத் தூக்கிவிட்டு அப்படியே மறப்பதும் வலை இல்லாததும் ஒன்றுதான். உள்ளே ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டால், ஓட்டை இருப்பதை அதில் ஒட்டும் ஈயே காட்டிக்கொடுக்கும்.

25 நாள் நாற்றை நடலாம். நடுவதற்கு முந்தின நாள், 10 லிட்டர் தண்ணீருக்கு 3 மி.லி. இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்.எல். பூச்சிமருந்து கலந்து தட்டு நனைய ஊற்றுங்கள். வெளியிலிருந்து நாற்று வாங்குவதானால் வலைக்குள் வளர்ந்ததா என்று நேரில் பார்த்து வாங்குங்கள்.

படி 3: வேலிப் பயிர்

தட்டில் விதை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே வயலைச் சுற்றி 2, 3 வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக விதையுங்கள். நடவின்போது அது ஒரு மாதப் பயிராக எழுந்து, காற்றோடு வரும் ஈயைத் தடுக்கும். வரப்பில் பார்த்தீனியம், ஊமத்தை இருந்தால் நடவுக்கு முன்பே பிடுங்குங்கள். அவற்றில் வைரஸ் தங்கும். பழைய தக்காளி, மிளகாய் வயலை ஒட்டி நடாதீர்கள்.

படி 4: பார்ப்பதும் தெளிப்பதும்

வாரம் இருமுறை காலையில் போய், அங்கங்கே இலையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைச் சிறகோடு பறப்பது தாய் ஈ. அடிப்புறம் செதிள் மாதிரி ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது அதன் குஞ்சு.

ஈ குறைவாக இருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு போதும். 500 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி 10 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி அடியுங்கள். மேலோட்டமாக அடித்தால் ஈ சிரிக்கும்.

அதிகமானால் தயாமீத்தாக்சாம் 25 டபிள்யூ.ஜி., 10 லிட்டருக்கு 4 கிராம். குஞ்சுகள் நிறைய தெரிந்தால் ஸ்பைரோமெசிஃபென் 22.9 எஸ்.சி., 10 லிட்டருக்கு 12 மி.லி. இமிடாகுளோப்ரிடுக்கு அடுத்து தயாமீத்தாக்சாம் அடிப்பது மருந்தை மாற்றியதாகாது. இரண்டும் ஒரே குடும்பம், ஈக்கு எதிர்ப்புத்தான் வளரும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் இரை தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, வெள்ளை ஈ முன்னைவிடப் பெருகும். பறிப்புக்கு எத்தனை நாள் இடைவெளி என்பதை டப்பா லேபிளில் பாருங்கள்.

படி 5: நோய்ச் செடியை எடுப்பது

நட்ட 40 நாளுக்குள் ஒன்றிரண்டு செடி சுருண்டால் யோசிக்காமல் எடுங்கள். ஆனால் வெறுங்கையால் பிடித்து உலுக்கினால் அதிலுள்ள ஈ அத்தனையும் பக்கத்துச் செடிக்குப் போகும். அதிகாலையில், ஈ மந்தமாக இருக்கும்போது, பாலித்தீன் பையைச் செடிமேல் கவிழ்த்து, அடியைச் சேர்த்துப் பிடித்துப் பிடுங்கி, பையோடு கட்டி வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

காய் பிடித்தபின் சுருளும் செடியைப் பிடுங்குவதில் பெரிய லாபம் இல்லை. இருக்கும் காயை எடுத்துக்கொள்ளுங்கள். மாடித் தோட்டத்தில் நாலைந்து தொட்டிதான் என்றால், பூ வரும் வரை ஒவ்வொரு செடிக்கும் வலை போர்த்துவதே மலிவு. கடைசிப் பறிப்பு முடிந்த வாரமே பழைய செடிகளை அகற்றிவிடுங்கள். அடுத்த நாற்றங்கால் அதன் பக்கத்தில் வேண்டாம்.