‘ஐ டவுட்’ என்று மெயில் தட்டும் முன்

இரவு பதினோரு மணி. பணம் கட்டும் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. பெங்களூர் மாரத்தஹள்ளி ஆபீஸில் இருந்தபடி லண்டன் டீமுக்கு ஒரு வரி தட்டினேன்: ‘ஐ டவுட் தி சர்வர் இஸ் டவுன்.’ சர்வர் படுத்துவிட்டது போலிருக்கிறது, பாருங்கள் என்று சொன்னதாக நினைப்பு. ஐந்து நிமிடத்தில் ‘கிரேட், தேங்க்ஸ்!’ என்று பதில். லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் புரிந்துகொண்டது: ‘சர்வர் படுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.’

கோளாறு நம்முடைய ‘சந்தேகம்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘அவன் வருவது சந்தேகம்’ என்றால் வரமாட்டான் என்ற பக்கம் சாய்கிறோம். ‘அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்’ என்றால் எடுத்தான் என்ற பக்கம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு டவுட், இரண்டாவதற்கு சஸ்பெக்ட். நான் எழுதியிருக்க வேண்டியது ‘ஐ சஸ்பெக்ட் தி சர்வர் இஸ் டவுன்’. ஷேக்ஸ்பியர் காலத்தில் டவுட்டுக்கே இந்த இரண்டாவது பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்னும் இருக்கிறது. நம்ம கிளையண்ட் லண்டனில் அல்லவா இருக்கிறார்!

பெங்களூரில் இந்தத் தவறு மாட்டுவதே இல்லை. பக்கத்து சீட் கன்னடக்காரருக்கும் ‘அனுமான’ என்ற சொல்லே இரண்டுக்கும் வேலை செய்கிறது. ஆகவே ஆபீஸுக்குள் நாம் எழுதும் டவுட் எல்லோருக்கும் சரியாகவே புரிகிறது. கடல் தாண்டினால்தான் கவிழ்கிறது.

‘ஐ ஹேவ் எ டவுட்’ இன்னொரு வம்பு. டெமோ முடிந்ததும் இப்படி ஆரம்பித்தால், நாம் சொன்னதை இவர் நம்பவில்லையோ என்று அந்தப் பக்கம் முகம் மாறும். ‘கொஸ்டின்’ என்றால் போதும்.

‘ரிலீஸ் இன்றைக்கு முடியாது என்று நினைக்கிறேன்’ என்பதை அப்படியே ‘ஐ திங்க் இட் வோன்ட் ஹேப்பன் டுடே’ ஆக்குகிறோம். தப்பில்லை, ஆனால் கொஞ்சம் கறாராக விழும். அவர்கள் மறுப்பை முன்னால் கொண்டுவந்து ‘ஐ டோன்ட் திங்க் இட் வில்’ என்பார்கள். அந்த ஜோரில் ‘ஐ டோன்ட் ஹோப்’ என்று போய்விடாதீர்கள். ஹோப் அப்படி வளையாது, ‘ஐ ஹோப் இட் வோன்ட்’தான். அப்புறம், ‘ஐ டோன்ட் திங்க் ஸோ ஹி வில் கம்.’ ஸோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆள் வரமாட்டார் என்று சொல்ல ஸோவே வேண்டாம்.

‘ஐ திங்க்’கா, ‘ஐ ஆம் திங்கிங்’கா? தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘இது தேறாது என்று நினைக்கிறேன்’ என்றால் திங்க். ‘வேலையை விடலாமா என்று யோசிக்கிறேன்’ என்றால் திங்கிங். எனக்கு இதுவரை கைவிடாத கணக்கு இது.

‘அக்கார்டிங் டு மீ’ வேண்டாம். அது அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்லத்தான். சொந்தக் கருத்துக்கு ‘இன் மை வியூ’, அல்லது வெறும் ‘ஐ திங்க்’.

ஃபீல் கதை தனி. நம் ஊரில் ஃபீல் பண்ணுவது என்றாலே வருத்தப்படுவது. டீமில் ஒரு தம்பி, டிசைன் மனசுக்கு ஒட்டவில்லை என்று சொல்ல ‘ஐ ஆம் ஃபீலிங் அபவுட் திஸ் டிசைன்’ என்று எழுதி அனுப்பினான். வாக்கியம் பாதியில் நிற்கிறது, மீதியையும் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.