மொத ஆறு மேட்ச பாத்து நம்ம டீம எடை போடுறது எப்படி (ஒரு சென்னையின் எஃப்சி ஃபுட்பால் ரசிகன் சொல்றான்)

ஒவ்வொரு சீசனும் இதே கததான். மொத மேட்ச் ஜெயிச்சா குரூப்ல கப் நமக்குதான்னு ஸ்டிக்கர் பறக்குது, மொத மேட்ச் தோத்தா கோச்ச மாத்து, ஓனர மாத்து, ஜெர்சி கலர மாத்துன்னு ஆரம்பிச்சிடுறானுங்க. நானும் அப்டிதான் இருந்தேன். அடிபட்டு அடிபட்டு இப்ப எனக்குன்னு ஒரு வழி வச்சிருக்கேன், பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு புக், ஒரு பேனா, ஆறு மேட்ச் பொறுமை. இவ்ளோதான் செலவு. ஐஎஸ்எல்ல (இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) எந்த டீமுக்கும் இது செட் ஆகும், ஆனா நான் பாக்குறது சென்னையின் எஃப்சி, அதனால உதாரணம் எல்லாம் நம்ம வீட்டு சோகமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

மொத வேல, பாயிண்ட்ஸ் டேபிள பாக்காதீங்க. நெஜமாத்தான் சொல்றேன். 2015ல நம்ம டீம் பாதி சீசன் தாண்டியும் டேபிள்ல கடைசில கெடந்துச்சு, அப்பறம் லீக்ல கடைசி நாலு மேட்சையும் வரிசையா ஜெயிச்சு மூனாவதா முடிச்சு, வெள்ளத்துல ஊரே மூழ்குனதால நம்ம ஹோம் செமி ஃபைனல புனேல போய் ஆடி அங்க கொல்கத்தாவ 3-0ன்னு அடிச்சு, டிசம்பர் 20 கோவால ஃபைனல். 87வது நிமிஷம் கோவா 2-1 லீட். அவ்ளோதான்டான்னு எங்க சித்தப்பா எழுந்து லுங்கிய கட்டிட்டு தண்ணி குடிக்க போய்ட்டாரு. அவரு சொம்போட திரும்பி வர்றதுக்குள்ள கோவா கோல்கீப்பர் கைல பட்டு ஓன் கோல் ஒன்னு, மெண்டோசா அடிச்சது ஒன்னு, 3-2, கப் நமக்கு. இன்னிக்கு வரைக்கும் அவர் மேட்ச் நடுவுல எழுந்திருக்க மாட்டாரு. 2017-18லயும் அப்டிதான், மொத மேட்ச்ல நம்ம நேரு ஸ்டேடியத்துலயே கோவா ஹாஃப் டைம்குள்ள மூனு போட்டுட்டான், நாம ரெண்டு திருப்பி குடுத்து 2-3ன்னு தோத்தோம், அதே டீம்தான் மார்ச்ல ஃபைனல்ல பெங்களூர் டீம அவன் கிரவுண்ட்லயே போய் 3-2ன்னு ஜெயிச்சு கப்ப தூக்குச்சு.

சரி இதெல்லாம் சந்தோஷமான கத, உடனே ஆரம்பத்துல தோத்தா கப் வரும்னு நெனச்சுக்காதீங்க. அடுத்த வருஷமே 2018-19, நடப்பு சாம்பியன், மொத ஆறு மேட்ச்ல ஒரு ஜெயிப்பு இல்ல, ஒரே ஒரு டிரா, நாங்க என்ன சொன்னோம் தெரியுமா, 2015 ஞாபகம் இருக்கா மச்சான், இப்ப பாரு எழுந்து வரும்னு. வரல. 18 மேட்ச்ல ரெண்டே ரெண்டு வின், 9 பாயிண்ட், கடைசி எடம்.

அப்ப 2015க்கும் 2018க்கும் என்ன வித்தியாசம், ஆரம்பத்துலயே அத எப்படி கண்டுபிடிக்கிறது, அதுக்குத்தான் இந்த நோட்டு.

நோட்டுல ஒரு மேட்ச்சுக்கு ஒரு பக்கம். மேல ஸ்கோர் எழுதாதீங்க, ஸ்கோர் கடைசில. மொதல்ல எழுத வேண்டியது நாம வாங்குன கோல் ஒவ்வொன்னும் எப்படி வந்துச்சுன்னு. கார்னரா, ஃப்ரீ கிக்கா, நடுவுல பந்த தொலச்சு கவுண்டர்ல (அவன் சட்டுனு திருப்பி ஓடி வந்து) வாங்குனதா, ஃபுல் பேக் (ஓரத்துல நிக்கிற டிஃபண்டர்) மேல ஏறிப் போய்ட்டு திரும்பி வராத எடத்துல வாங்குனதா, இல்ல எவனாலயும் ஒன்னும் பண்ண முடியாத மாதிரி முப்பது கஜத்துல இருந்து ஒருத்தன் அடிச்சதா. கடைசியா சொன்னத மறந்துடலாம், அது கடவுள் விட்ட வழி. மத்தது எல்லாம் வீட்டுப்பாடம். ஒரே மாதிரி கோல மூனு மேட்ச்ல மூனு தடவ வாங்குனா அது துரதிர்ஷ்டம் இல்ல, பழக்கம். 2018ல நார்த்ஈஸ்ட் டீம் கூட ஆடுன மேட்ச் பாத்தவங்களுக்கு தெரியும், 3-1 லீட் வச்சிருந்தோம், அவங்க ஓக்பெச்சே ஒருத்தனே ஹாட்ரிக் போட்டு 3-4ன்னு தோத்தோம். அன்னிக்கு நான் ரெஃபரிய திட்டுனேன், காத்த திட்டுனேன், பக்கத்துல பாப்கார்ன் தின்னுட்டு இருந்தவன கூட மொறச்சேன். திட்ட வேண்டியது என்னன்னா, போன வருஷம் கப்ப தூக்குன கேப்டன் செரெனோ டிஃபன்ஸ்ல இல்ல, மிட்ஃபீல்ட்ல முன்னாடி நின்னு பந்த புடுங்கிக் குடுத்த நம்ம வியாசர்பாடி பையன் தனபால் கணேஷ் முட்டி காயத்துல வெளிய. லீட் வந்தா அத புடிச்சு வைக்கிற ஆளுங்க ரெண்டு பேருமே இல்ல. வீட்டுக்கு தாழ்ப்பாள் இல்லாம கதவ மட்டும் சாத்தி வச்சா என்ன ஆகும், அதுதான் ஆச்சு.

அடுத்து நாம உருவாக்குன சான்ஸ். கோல் ஆச்சா இல்லையாங்கிறது வேணாம், நல்ல சான்ஸ் எத்தன வந்துச்சு. எக்ஸ்ஜின்னு இப்ப எல்லாரும் பேசுறாங்களே, அது ஒன்னும் ராக்கெட் விஷயம் இல்ல, அந்த எடத்துல இருந்து அந்த மாதிரி அடிச்சா நூத்துக்கு எத்தன உள்ள போகும்ங்கிற கணக்கு, அவ்ளோதான். பெனால்டின்னா நூத்துக்கு எழுபத்தஞ்சு எண்பது போகும், பாக்ஸ்க்கு வெளிய இருந்து சும்மா ஓங்கி அடிச்சா அஞ்சு போனாலே பெருசு. ஆப்ல நம்பர் கெடச்சா பாருங்க, இல்லன்னா கண்ணே போதும்: கோல்கீப்பர மட்டும் எதிர்ல வச்சுட்டு ஒருத்தன் நின்னானா, ஆறு கஜத்துக்குள்ள ஒருத்தன் கால்ல பட்டுச்சா, அதுக்கு ஒரு கோடு போடுங்க. ஸ்டேடியத்துல சத்தம் பெருசா வந்துச்சுங்கிறதுக்காக கோடு போடாதீங்க. நம்ம ஊர் கூட்டம் த்ரோ இன்னுக்கே விசிலடிக்கும்.

இந்த கோடுதான் 2019ல என்ன காப்பாத்துச்சு. அந்த சீசன் மொத நாலு மேட்ச், ஒரு கோல் இல்ல. சைபர். கோவால 0-3, மும்பை கூட 0-0, ஏடிகே (கொல்கத்தா டீம்) கிட்ட 0-1, பெங்களூர்ல 0-3. மச்சான் ஒருத்தன் டிக்கெட்ட கிழிச்சு மெட்ரோல போட்டோ எடுத்து அனுப்புனான், இனி வரமாட்டேன்னு. ஆனா என் நோட்டுல அந்த ரெண்டு ஹோம் மேட்ச் பக்கத்துலயும் கோடு கணிசமா இருந்துச்சு, பந்து வருது, ஆளு நிக்குறான், உள்ள போகல. அஞ்சாவது மேட்ச் ஹைதராபாத். தொண்ணூறு நிமிஷம் முடிஞ்சுது, அப்பவும் 0-0, பக்கத்து வரிசைல ஒரு அண்ணன் பைய மாட்டிட்டு பையன எழுப்புறாரு, அப்ப ஸ்டாப்பேஜ்ல (கூடுதலா குடுக்குற நிமிஷத்துல) நம்ம ஷெம்ப்ரி அடிச்சான், சீசனோட மொத கோல், ஸ்டாண்டே ஆடுச்சு, பையன தோள்ல தூக்கி வச்சு அவர் குதிக்கிறாரு, அந்த குதிப்பு அடங்கல, ஹைதராபாத் கார்னர்ல இருந்து சமன் பண்ணிட்டான், பைய மறுபடி மாட்டுறாரு, ஒரு வார்த்த பேசல, உடனே வால்ஸ்கிஸ் இன்னொன்னு, 2-1. அந்தப் பை அன்னிக்கு எத்தன தடவ தோள்ல ஏறி எறங்குச்சுன்னு நான் எண்ணல.

அதுக்கு அடுத்த மேட்ச்சும் முடிஞ்சு கோச் கிரிகரி கெளம்பிட்டாரு, டிசம்பர்ல ஓவன் காய்ல் வந்தாரு, அதே ஆளுங்கள வச்சுதான் கிரிவெல்லாரோ பந்த குடுக்க வால்ஸ்கிஸ் அடிக்க நாலாவதா முடிச்சு, செமில கோவாவ ரெண்டு மேட்சும் சேத்து 6-5ன்னு தாண்டி ஃபைனலுக்கு போனோம். வால்ஸ்கிஸ் 15 கோல், கோல்டன் பூட். ஃபைனல் 2020 மார்ச் 14, கொரோனானால காலி ஸ்டேடியம், ஏடிகே கிட்ட 1-3. அத பத்தி தனியா ஒரு நாள் அழுவேன். இங்க சொல்ல வர்றது, நாலு மேட்ச் கோல் இல்லாத டீம்ல சான்ஸ் இருந்துச்சு, ஆக்கள் இருந்தாங்க, புதுசா ஒருத்தர் வந்து தூசி தட்டுனதும் வண்டி கெளம்பிடுச்சு. 2018ல கெளப்புறதுக்கு பார்ட்ஸே இல்ல. கோல் வரலன்னு நோட்டு சொன்னா பொறுங்க, சான்ஸே வரலன்னு சொன்னா பயப்படுங்க.

மூனாவது, எதிராளி யாருன்னு எழுதுங்க, அதுவும் சும்மா பேரு இல்ல, போன சீசன் எத்தனாவது, இந்த தடவ யாரு போனா யாரு வந்தான்னு ஒரு வரி. 2024-25ல மொத மேட்ச் புவனேஸ்வர் போய் ஒடிசாவ 3-2ன்னு அடிச்சோம், ஃபரூக் ரெண்டு கோல், அன்னிக்கு நைட்டு தூக்கமே வரல, ப்ளே ஆஃப் போறதுக்கு லீவு எல்லாம் கணக்கு போட்டாச்சு. அடுத்த மேட்ச் ஹோம்ல முகமதன் ஸ்போர்ட்டிங், லீக்குக்கு புதுசா ஏறி வந்த டீம், ஐஎஸ்எல்ல அவங்களோட மொத வெற்றியே நம்ம ஸ்டேடியத்துல வச்சு நம்ம கிட்டதான் எடுத்தாங்க, 0-1. அந்த டீம் சீசன் முடியும்போது கடைசி எடம். நவம்பர்ல ஜாம்ஷெட்பூர் போய் 5-1, மறுபடி தூக்கம் வரல, அதே மாசம் கொச்சில 0-3. கடைசில நாம 13 டீம்ல பதினொன்னாவது. பெரிய டீம அவன் வீட்ல கவுண்டர்ல அடிக்கத் தெரியுது, பின்னாடி கூட்டமா நின்னு பூட்டிக்கிற சின்ன டீம நம்ம வீட்ல தொறக்கத் தெரியல, இது மூனாவது மேட்ச்லயே நோட்டுல தெரிஞ்சுது, நாந்தான் ஏத்துக்கல. அதனால ஆறு மேட்ச்ல பூட்டிக்கிற டீம் கூட ஆடுன மேட்ச் எதுன்னு தேடி அத மட்டும் ரெண்டு தடவ பாருங்க.

அப்பறம் அறுபதாவது நிமிஷத்துக்கு மேல காலு எப்படி இருக்குன்னு பாருங்க. ஃபாரின் பிளேயர் லேட்டா வந்து சேந்திருந்தா மொத மூனு மேட்ச் அவனுக்கு பிராக்டிஸ் மாதிரிதான், செப்டம்பர் சென்னை புழுக்கத்துல மூச்சு வாங்கும், அத வச்சு ஆள திட்டாதீங்க. ஆனா இன்டர்நேஷனல் பிரேக் (நாட்டு டீம் மேட்ச்சுக்காக லீக் நிக்கிற நாளுங்க) முடிஞ்சு வந்தும் அதே எழுபதாவது நிமிஷத்துல இடுப்புல கைய வச்சு நின்னான்னா எழுதி வைங்க. இப்ப ஒரு நேரத்துல நாலு ஃபாரின் பிளேயர்தான் கிரவுண்ட்ல இருக்க முடியும், அதனால நெஜமான எடை நம்ம பசங்க ஏழு பேருதான், பெஞ்ச்ல இருந்து வர்ற நம்ம பையன் மேட்ச மாத்துறானாங்கிறது தனி கட்டம். மழையும் கணக்குல வரணும், அக்டோபர் நவம்பர்ல பேஞ்சு ஊறுன கிரவுண்ட்ல தரையோட பாஸ் பண்ணி ஆடுற டீம் தடுமாறும், அந்த ஒரு மேட்ச தனியா ஒதுக்கி வைங்க.

நேர்ல போறவங்களுக்கு ஒன்னு. பெரியமேடு நேரு ஸ்டேடியத்துல கிரவுண்ட சுத்தி ஓட்டப் பந்தய டிராக் இருக்கு, கீழ் வரிசைல உக்காந்தா பந்து எந்த பக்கம் போகுதுன்னே தெரியாது, எல்லாம் ஒரே கோட்டுல தெரியும். டீம் எப்படி நிக்குதுன்னு பாக்கணும்னா மேல ஏறுங்க. பாட்டு பாடணும்னா பி ஸ்டாண்ட் போங்க, அங்க போனா நோட்டு எழுத முடியாது, நான் ட்ரை பண்ணேன், ஒருத்தன் பேனாவ வாங்கி டிரம் அடிச்சான்.

இப்ப ஆறு மேட்ச் ஆச்சு. இப்ப பாயிண்ட்ஸ் எழுதுங்க. 2023-24ல மொத மூனும் தோத்துட்டு அப்பறம் தட்டி முட்டி 22 மேட்ச்ல 27 பாயிண்ட்டோட ஆறாவதா ப்ளே ஆஃப் போனோம், அந்த கணக்குக்கு ஆறு மேட்ச்ல ஏழு எட்டு பாயிண்ட் இருந்தாலே நாம ஓட்டத்துல இருக்கோம். ஏழுக்கு கீழ இருந்து, கோடு நெறைய இருந்து, வாங்குன கோல் வகை வகையா இருந்தா நான் பொறுப்பேன். பத்து பாயிண்ட் இருந்து, கோடே இல்லாம, எல்லாம் ஃப்ரீ கிக்லயும் எதிராளி ஓன் கோல்லயும் வந்திருந்தா வாய மூடிட்டு இருப்பேன், குரூப்ல கப் ஸ்டிக்கர் போட மாட்டேன். ரெண்டு பக்கமும் மோசம்னா, கோச் மாறுனா சரியாகிற ஓட்டையா, இல்ல ஜனவரில ஆளு வாங்கினாத்தான் அடையிற ஓட்டையான்னு ஒரு வரி எழுதுங்க, அதுதான் சண்டைக்கு உதவும், மத்ததெல்லாம் கத்தல்.

நோட்ட பத்திரமா வைங்க. எங்க வீட்ல 2018 நோட்டுல பால் கணக்கு எழுதிட்டாங்க, நார்த்ஈஸ்ட் மேட்ச் பக்கத்துல நாலாவது கோலுக்கு நேரா அர லிட்டர்னு இருக்கு.