அரண்மனைக் குள்ளர்களின் கதையை ஓவியத்திலிருந்து படிப்பது எப்படி?

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனை ஓவியங்களில், அரச குடும்பத்தாருக்குப் பக்கத்தில் உயரம் குறைந்த ஒருவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் யார், கடைசியில் என்ன ஆனார் என்று தேட வரலாற்றுப் பட்டமெல்லாம் வேண்டாம். ஒரு படமும் ஒரு மணி நேரமும் போதும். ('குள்ளர்' என்பது அந்தக் கால அரண்மனைப் பேச்சு. இன்று யாரையும் அப்படிக் கூப்பிடாதீர்கள்.)

படி 1: படத்தின் ஓரத்தைப் பெரிதாக்குங்கள்

ஸ்பானிய அரண்மனை ஓவியர் வெலாஸ்கஸ் 1656-இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. நடுவில் நிற்கும் இளவரசி மார்கரீட்டாவை இப்போதைக்கு விட்டுவிட்டு, வலது மூலைக்குப் போங்கள்.

படி 2: கால், கண், உடை

சிவப்பு உடுப்புப் போட்டவர் நிக்கொலாசித்தோ பெர்துசாத்தோ. அரைத் தூக்கத்தில் இருக்கும் நாயின் முதுகில் கால் வைத்திருக்கிறார். பக்கத்தில் இருண்ட கவுனில் மரிபார்போலா, ஜெர்மனிக்காரர். 1724-இல் இந்தப் படத்தை விவரித்த ஸ்பானிய ஓவியரும் எழுத்தாளருமான பலோமினோ, அவருக்கு அச்சமூட்டும் தோற்றம் என்று எழுதிவைத்தார். சரி, நீங்களே பாருங்கள். எனக்குத் தெரிவதெல்லாம் நம்மை நேருக்கு நேர் பார்க்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண். உடையும் கிழிசலோ கோமாளி வேஷமோ இல்லை, அரண்மனைத் துணி.

படி 3: கணக்கோடு ஒட்டிப் பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டதோடு சரி. ஸ்பானிய அரண்மனையோ எல்லாவற்றையும் கணக்கு எழுதி வைத்தது. எஜமானி இறந்த பிறகு 1651-இல் அரண்மனைக்கு வந்த மரிபார்போலாவுக்குப் படி அளந்தார்கள். கோடையில் பனிக்கட்டிப் பங்குகூட உண்டு. மாட்ரிட் வெயிலில் அது லேசுப்பட்ட சலுகை இல்லை. 1700-இல் அவர் ஊர் திரும்பினார். நாயை மிதித்த நிக்கொலாசித்தோ பின்னாளில் அரசரின் அந்தரங்கப் பணியாளராக உயர்ந்து, 1710-இல் இறந்தார்.

படி 4: இன்னொரு அரண்மனையோடு ஒப்பிடுங்கள்

இப்போது இங்கிலாந்து. ஜெஃப்ரி ஹட்சன் 1619-இல் ஓக்கம் ஊரில் பிறந்தவர். தந்தை பக்கிங்ஹாம் பிரபுவுக்குக் காளை வளர்த்தவர். 1626 வாக்கில், முதலாம் சார்ல்ஸுக்கும் அரசி ஹென்றியெட்டா மரியாவுக்கும் பிரபு வைத்த விருந்தில் பெரிய பேஸ்ட்ரி ஒன்று வந்தது. அதை உடைத்துக்கொண்டு ஏழு வயதுப் பையன் வெளியே வந்தான். உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். அரசிக்கு அவனையே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். ஆம், பேஸ்ட்ரி மாதிரியேதான்.

அப்புறம் உள்நாட்டுப் போர். அரசியோடு பிரான்சுக்குப் போன ஹட்சன், 1644-இல் தன்னைக் கேலி செய்தவரைச் சண்டைக்கு அழைத்தார். எதிராளி விளையாட்டாகத் தண்ணீர் பீச்சாங்குழலோடு வந்தார் என்பார்கள். ஹட்சன் கையில் இருந்தது துப்பாக்கி. ஒரே குண்டில் ஆள் முடிந்தார். அரசியின் ஆதரவு போனது. பிறகு கடற்கொள்ளையரிடம் சிக்கி, வட ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் அடிமை. 1669-க்குள் இங்கிலாந்து திரும்பியபோது மூன்றே முக்கால் அடி உயரம் வளர்ந்திருந்தாராம். பட்ட பாட்டினால்தான் வளர்ந்தேன் என்று அவரே சொன்னதாகக் குறிப்பு. 1682 வாக்கில் இறந்தார்.

படி 5: மறுபடி படத்துக்கு வாருங்கள்

ஓவியர் வான் டைக் 1633-இல் வரைந்த அரசி ஹென்றியெட்டா மரியாவின் படத்தைத் திறங்கள். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. பக்கத்தில் சிவப்பு உடையில் பதினான்கு வயது ஹட்சன், கையில் ஒரு குரங்கு. அரசியின் கை எங்கே இருக்கிறதென்று பெரிதாக்கிப் பாருங்கள். குரங்கின் மேல்.