நிலக்கரிப் படகுக்காரர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், கூல் என்ற துறைமுக ஊரில் முதியோர் இல்லச் செவிலியராக இருக்கிறேன். இங்குள்ள பெரியவர்கள் சிலர் ஏர் அண்ட் கால்டர் கால்வாயில் நிலக்கரி இழுத்தவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதை நான் மிக அவசரமான வேலையாக நினைக்கிறேன். நீங்களும் செய்யலாம்.

போகும் முன் தொழிலைப் படித்துக்கொள்ளுங்கள். 1860களில் பொறியாளர் வில்லியம் பார்த்தலோமியூ உருவாக்கிய ஏற்பாடு இது. ‘டாம் புட்டிங்’ என்ற செவ்வக இரும்புப் பெட்டிப் படகுகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 40 டன் நிலக்கரி. பிற்காலத்தில் 19 பெட்டிகள் வரை சரமாகக் கோத்து ஒரே இழுவைப் படகு இழுத்தது. கூலில் ஹைட்ராலிக் தூக்கி பெட்டியை அப்படியே உயர்த்திக் கப்பலுக்குள் கவிழ்க்கும். 1980களின் நடுவில் எல்லாம் நின்றுபோனது. ஒரு தூக்கி மட்டும் துறைமுகத்தில் இன்னும் நிற்கிறது. அதன் படத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று தொடங்காதீர்கள். ‘நன்றாகத்தான் இருந்தது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கை செய்த வேலையைக் கேளுங்கள். காலிப் பெட்டிகளோடு திரும்பும்போது பக்கவாட்டில் காற்று அடித்தால் சரம் கரையில் போய் ஒட்டுமே, எப்படிச் சமாளித்தீர்கள்? வளைவில் கடைசிப் பெட்டி எங்கே போகும்? பனிமூட்டத்தில் எதைப் பார்த்து ஓட்டினீர்கள்? நீராவி இழுவைப் படகில் தொடங்கியவரென்றால் கொதிகலனைப் பற்றிக் கேளுங்கள். அதற்கே ஒரு மாலை போய்விடும்.

நான் தீப்பெட்டிகளை நூலில் கோத்து மேசைமேல் வைப்பேன். மறதி நோயால் மகள்களின் பெயரையே மாற்றிச் சொல்லும் ஒருவர், அதைப் பார்த்ததும் நூலின் முன்முனையைத் தொட்டு, “ஜீபஸ் எங்கே?” என்றார். இழுவைப் படகின் சுழலி பின்னால் தள்ளும் நீர் முதல் பெட்டியின் தட்டையான முகத்தில் மோதாமல் விலக்க, முன்னால் பொருத்தும் கூர்முனை அது. அட்டையில் ஒன்று வெட்டிக் கொடுத்தேன். அதன்பின் வளைவு வளைவாக ஓட்டிக் காட்டினார். பொருளைக் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு விஷயம். 1967 முதல் 2002 வரை ஃபெரிபிரிட்ஜ் மின்நிலையத்துக்கு நிலக்கரி போனது வேறு முறை: மூன்று பெரிய பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுவது. இழுத்தவரா, தள்ளியவரா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளாவிட்டால் பதில்கள் குழம்பும்.

ஆண்டைத் தவறாகச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள். ஓரத்தில் குறித்துவைத்துப் பிறகு சரிபாருங்கள். மௌனத்தை உங்கள் பேச்சால் நிரப்பாதீர்கள், பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான் நல்ல விவரம் வரும். மனைவி இருந்தால் தனியாகக் கேளுங்கள். கரித்தூள் படிந்த துணிகளைத் துவைத்தவருக்கும், பனியில் கால்வாய் உறைந்த நாட்களில் வீட்டை நடத்தியவருக்கும் சொல்ல நிறைய உண்டு.

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். பெரியவர்கள் களைத்துப்போவார்கள். அவருடைய சம்மதத்தையும், நினைவு தடுமாறுபவரானால் குடும்பத்தாரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், அவர் பார்த்த வேலை மூன்றையும் சொல்லிவிடுங்கள். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒரு பிரதி உள்ளூர் ஆவணக்காப்பகத்துக்கு.